தார்ன்கோம்ப் மணி

ரங்கூனின் தின்கன்ஜூன் பகுதியில், வீட்டிலிருந்தபடியே வெளிநாட்டுப் புத்தகங்களுக்குப் பக்கம் அமைப்பது ஷைலாவின் வேலை. கரண்ட் இருக்கும் நேரத்தில் செய்தால் உண்டு. இந்த முறை வந்தது தார்ன்கோம்ப் என்ற இங்கிலாந்துக் கிராமத்தின் வரலாறு. வாத்துக்குளம், ஆப்பிள் திருவிழா, வெள்ளத்தில் போன பாலம். எந்தச் சந்தில் யார் ரொட்டி சுட்டார்கள் என்பதுவரை அவளுக்கு அத்துப்படி ஆகிவிட்டது. ஊர் பிடித்தும் இருந்தது.

கடைசியாக வந்தது ஊர்மன்றத்து மணியின் படம். அறுவடை விருந்தன்று பிள்ளைகள் அதை அடித்த பிறகுதான் பந்தி. கீழே குறிப்பு: 'ரங்கூனில் அரிசி ஆலை நடத்திய நம் ஊர் ஹார்வி துரைக்கு நன்றியுள்ள கூலிகள் அன்பாய்த் தந்தது.'

மணியின் விளிம்பில் ஏதோ கொடிபோல ஓடியது. பழைய பிலிமை இடவலம் மாற்றி வைத்து ஸ்கேன் செய்திருக்கிறார்கள். அந்த ஊரில் ஒருவருக்கும் அது தெரியவில்லை. ஷைலா படத்தை நேராக்கினாள். தமிழ்.

'ஆலை வேலையாட்கள் வார்ப்பித்தது. இக்கோயிலை விட்டு எடுக்கலாகாது.' அதன் கீழே அவள் போகும் கிறிஸ்தவக் கோயிலின் பெயர்.

அவள் கோயிலில் மணி கிடையாது. வாசல் மரத்தில் ஒரு தண்டவாளத்துண்டு தொங்கும். யுத்தத்தில் ஜப்பான்காரன் வருமுன் மணியைப் பத்திரப்படுத்தித் தருகிறேன் என்று துரை கப்பலேற்றினார். அந்தத் துண்டுக்கு இன்றுவரை பெயர் துரைமணி.

புத்தகத்தின் தொகுப்பாசிரியை ஹெலனுக்கு எழுதினாள். மறுநாளே பதில் வந்தது. 'எவ்வளவு சுவையான தகவல்! ஆனால் எங்கள் ஊர் அந்தக் கதையோடு வளர்ந்துவிட்டது. குறிப்பு அப்படியே இருக்கட்டும். உங்கள் தண்டவாளத்தின் படம் கிடைத்தால் பக்கத்தின் மூலையில் அழகாக இருக்கும்.'

ஷைலா போனை எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் போனாள். துண்டை அடிக்கும் கோயில்பிள்ளை ஞானசுந்தரத்துக்குப் படித்துக் காட்டினாள்.

"போட்டோவா? நல்ல லுங்கியா மாத்திட்டு வரவா, ஸயாமா?" படித்த பெண்களை அவர் பர்மியர்போல அப்படித்தான் கூப்பிடுவார்.

"விளையாடாதீங்க ஐயா. எடுத்துட்டுப் போனவன் ஊர்ப் பிள்ளைங்க நம்ம மணிய அடிச்சுட்டுச் சோறு திங்குது. நாம இரும்பை அடிக்கிறோம். இதுல நன்றியாம்."

"விடும்மா. இரும்பு அடிச்சா ஜனம் வராமயா போச்சு? அங்க போயி சண்ட போடவா முடியும்?"

"போக வேணாம். அச்சுக்குப் போற பைல் என் கையாலதான் போகுது."

அவர் சிரிப்பதை நிறுத்தினார். பிறகு மரத்தடிக்குப் போய், படம் எடுக்க வாகாகத் துண்டின் துருவைத் துடைத்துவிட்டார்.

வீட்டில் கணவன் ஆண்ட்ரூ திரையை எட்டிப் பார்த்தான்.

"வேலை போயிடும். அவங்க வெளிய சொன்னா வேற யாரும் தரமாட்டாங்க."

"தெரியும்."

"குறிப்பு அவங்களது, ஷைலா. உனக்கென்ன?"

"பொய்ய அடிக்கிற கை என்னுது."

அவன் உள்ளே போனான். மணியைப் பக்கம் முழுக்க வைத்தாள். பழைய குறிப்பை அழித்தாள். விளிம்பில் இருந்ததை ஆங்கிலத்தில் பெயர்த்துப் போட்டு, கீழே ஒரு வரி சேர்த்தாள்: 'பத்திரப்படுத்துவதாகச் சொல்லி எடுத்துச் செல்லப்பட்டது. இன்னும் திரும்பி வரவில்லை.' அதன் கீழே தன் பெயர்.

அச்சகத்துக்கும் ஹெலனுக்கும் ஒரே கடிதம். மூலையில் தண்டவாளத்தை வைத்துப் பார்த்தாள். அழகாகத்தான் இருந்தது. அனுப்பினாள்.