எட்டாவது நிமிஷத்தில் ஒரு சொல்

வீரராகவன் வாய்விட்டுத் தமிழ் பேசிப் பல நாளாகிவிட்டது. மனைவி கோமதி போன பிறகு, வங்காளிகள் நடுவே இருந்த சால்ட் லேக் வீட்டில் தமிழ் கேட்க ஆளில்லை. பெங்களூர் மகன் ஞாயிறுதோறும் ஆங்கிலத்தில் உடம்பை விசாரிப்பதோடு சரி. அதனால், ஜாதவ்பூரில் ஆராய்ச்சி செய்கிற ரஞ்சனா, தானும் தமிழ்ப் பெண்தான் என்று போனில் சொல்லிப் பேட்டிக்கு நேரம் கேட்டபோது, மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. காலையிலேயே சவரம் செய்துகொண்டு, இஸ்திரிச் சட்டையோடு உட்கார்ந்துவிட்டார்.

அவள் வந்தது ஒரு ராக் ஆல்பத்துக்காக. 1979இல், துறைமுக ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்த வீரராகவனும் மூன்று வங்காளிகளும் டாலிகஞ்ச் ஸ்டுடியோ ஒன்றில் பதிவு செய்தது. அன்று அதை வாங்க நாதியில்லை. இன்று பிள்ளைகள் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறார்கள். இசைத்தட்டின் இரண்டாம் பக்கம் முழுக்க ஒரே பாட்டு. எட்டாவது நிமிஷத்தில் அது முடியப்போகிற நேரம் யாரோ ஒரு சொல் கத்த, பாட்டு முதலிலிருந்து மறுபடி எழும்பும். இம்முறை வீரராகவனின் பேஸ் கிடார் முன்னால் வந்து பாடகனையே ஓரம் தள்ளிவிடும். அந்த ஊரில் அதுவரை யாரும் அப்படிச் செய்ததில்லை.

கத்தியவர் வீரராகவன்தான். கத்திய சொல், ‘போதும்’.

பேண்டை விட்டுவிடும் முடிவோடுதான் அன்று போயிருந்தார். மூவரும் வங்காள மொழியில் பேசிச் சிரிப்பார்கள். என்ன ஜோக் என்று இவருக்குச் சொல்ல மாட்டார்கள். ஒரு வருஷம் பொறுத்தவருக்கு அன்று மூக்குக்கு மேல் கோபம் வந்து, தமிழிலேயே கத்திவிட்டார். உடனே டிரம்ஸ் வாசித்த ஸௌமேன், இவரையே பார்த்துக்கொண்டு பாட்டை முதலிலிருந்து ஆரம்பித்தான். மற்ற இருவரும் சேர்ந்துகொண்டார்கள். போகாதே என்கிறார்கள் என்று நினைத்து, கண்ணில் நீர் முட்ட இவர் வாசித்த வாசிப்புதான் அது. பிறகு மெட்ராஸில் வேலை கிடைத்தும் போகவில்லை. நண்பர்கள் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்த பின்னும், தன்னை இருக்கச் சொன்ன ஊர் இது என்கிற நினைப்பே அவருக்குத் துணையாக இருந்தது.

இதைத் தமிழில் சொல்லத்தான் காத்திருந்தார். ஆனால் ரஞ்சனா முந்திக்கொண்டாள். ஸௌமேன் சாவதற்கு முன் கொடுத்த பேட்டி ஒன்று அவளிடம் இருந்தது. வங்காளிப் பெண்கள் பெரியப்பாவைக் கூப்பிடுவதுபோல அவரை ஜேட்டு என்றே கூப்பிட்டாள்.

“ஜேட்டு, அந்த ஐடியாவே உங்களோடதுன்னு ஸௌமேன் பாபு சொல்றார். நீங்க ‘ப்ரொதொம்’னு கத்தினீங்களாம். பெங்காலில முதல்னு அர்த்தம் இல்லியா? அதனாலதான் முதல்லேர்ந்து ஸ்டார்ட் பண்ணாங்களாம்.”

வீரராகவன் மறுபடி ஒருமுறை சொல்லச் சொல்லிக் கேட்டார். அவளும் சொன்னாள்.

டிரம்ஸ் சத்தத்தில் ‘போதும்’ ‘ப்ரொதொம்’ ஆகிவிட்டது, அவ்வளவுதான். யாரும் யாரையும் இருக்கச் சொல்லவில்லை.

இவ்வளவு காலம் அந்தப் பெருமை ஸௌமேனுக்கே போய்க்கொண்டிருந்ததாம். தன் புத்தகத்தில் அதைத் திருத்தி இவர் பெயரைப் போடலாமா என்று கேட்டாள். அந்தப் பெண்ணுக்கு முகமெல்லாம் சந்தோஷம்.

“போட்டுக்கோம்மா,” என்றார். “அப்படித்தான் சொன்னேன்.”

அவள் குனிந்து எழுதிக்கொண்டாள். அன்று தான் எழுந்து போயிருந்தால் ஒருவரும் தடுத்திருக்க மாட்டார்கள் என்பது வீரராகவனுக்கு எழுபத்திரண்டாம் வயதில் தெரிந்தது.