இழுத்துக் கட்டிய செயின்

செயின் அறுந்ததும் என்ஜின் மட்டும் தொண்டை கிழிய உறுமியது. சக்கரம், எனக்கென்ன வந்தது என்று சும்மா உருண்டு ஓரத்து மண்ணில் போய் நின்றது.

"அண்ணே, உங்க பட்டத்து யானை படுத்துடுச்சு," என்றான் சகலை, பின் சீட்டிலிருந்து இறங்காமலே.

"மொதல்ல எறங்குடா."

இருவரும் அக்கா தங்கையைக் கட்டியவர்கள். ஒரே வீட்டில் முன்பக்கம் அக்காவைக் கட்டிய மூத்தவன், பின்பக்கம் சகலை. ஒரே குடோனில்தான் இருவரும் மூட்டை தூக்கினார்கள். வண்டி மூத்தவனுடையது. உருண்டை விளக்கும் மினுங்கும் டேங்குமாகப் பார்க்கப் பழங்காலத்து வண்டி போல இருக்கும். உண்மையில் பழசு மாதிரி புதுசாகச் செய்தது. "என்னைத் தொட்டதைவிட அந்த டேங்கைத் துடைச்சதுதான் ஜாஸ்தி" என்று அவன் மனைவி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லுவாள்.

அன்று புது குடோன் திறப்பு. மேனேஜர் மூத்தவனிடம் முன்பே சொல்லி வைத்திருந்தார்: "மேஸ்திரி நீதான். லோடு வர்றதுக்குள்ள வந்து நில்லு. வரலைன்னா நிக்கிறவன்ல ஒருத்தனைப் போட்டுட்டு என் வேலையப் பாப்பேன்." மேஸ்திரி மூட்டை தூக்க வேண்டாம்; ஆளை ஏவினால் போதும். மூத்தவனுக்கு அதுதான் வேண்டியிருந்தது. முதுகுத் தண்டில் தட்டு விலகியிருக்கிறது, இனி பாரம் தூக்கினால் படுக்கைதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்தச் சேதி அந்த வீட்டுச் சுவரைத் தாண்டவில்லை. தாண்டினால் எந்த குடோனும் அவனை உள்ளே விடாது.

செயின் அறுந்ததற்கும் அவனேதான் காரணம். முந்தின நாள் சாயங்காலம் சகலை, "என்னண்ணே, உங்க செயின் போடற சத்தத்துக்குத் தெருநாயெல்லாம் பதில் கொடுக்குது" என்று கிண்டலடித்தான். மூத்தவனுக்குச் சுருக்கென்றது. வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி, செயினில் துளித் தொய்வும் இல்லாமல் சக்கரத்தைப் பின்னுக்கு இழுத்து, ஸ்பேனரில் இரும்புக் குழாயைச் சொருகி நட்டை முறுக்கினான். ஆள் ஏறி உட்கார்ந்தால் வண்டி அமுங்கும், செயின் இன்னும் இறுகும், அதற்குக் கொஞ்சம் தொய்வு விட வேண்டும். ஊருக்கெல்லாம் அவன் சொல்லிக் கொடுக்கிற விஷயம். ரோஷத்தில் மறந்துபோனது. மூட்டை தூக்கி உரமேறின இரண்டு உடம்பு ஏறி உட்கார்ந்து ஒரு பள்ளத்தில் இறங்கியதும், செயினை இணைக்கும் கிளிப் லிங்க் தெறித்துவிட்டது.

கை காட்டியதும் ஒரு காய்கறி வேன் நின்றது. டிரைவர் பக்கத்தில் ஒரே ஓர் ஆளுக்குத்தான் இடம்.

"நீங்க ஏறுங்கண்ணே. வண்டிய நான் பாத்துக்கறேன்."

மூத்தவன் வேனைப் பார்த்தான், வண்டியைப் பார்த்தான். "நீ கை வெச்சா நட்டுல மரை இருக்காது. பூட்டிட்டுப் போனா டேங்கையே கழட்டிட்டுப் போயிடுவானுங்க. நீ போ. பின்னாடியே வந்துட்டு இருக்கேன்னு சொல்லு."

"நல்லா யோசிச்சுக்கங்க."

"யோசிச்சாச்சு. போடா."

சீட்டுக்கடியில் புது லிங்க் ஒன்று இருந்தது. ஆனால் நேற்று இழுத்த இழுப்பில் செயினின் இரு முனையும் ஒன்றையொன்று எட்டவில்லை. நட்டைத் தளர்த்திச் சக்கரத்தை முன்னுக்குத் தள்ளியாக வேண்டும். குழாய் வைத்து முறுக்கிய நட்டு வெறும் ஸ்பேனருக்கு அசையுமா? கையால் அழுத்திப் பார்த்தான், காலால் உதைத்தான். கடைசியில் ஸ்பேனர் மேலேயே ஏறிக் குதித்தான். நட்டு கிறீச்சென்று விட்டுக்கொடுத்தது. கூடவே இடுப்பிலும் ஏதோ விட்டுக்கொடுத்தது. டேங்கைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, மூச்சு திரும்பும் வரை நின்றான். பிறகு மண்டியிட்டு, பின் பல்சக்கரத்தின் மேல் இரு முனையையும் சேர்த்து, லிங்கைச் சொருகி, குறடால் கிளிப்பை மாட்டினான்.

அவன் போய்ச் சேர்ந்தபோது லாரி வாசலில் பின்பக்கம் காட்டி நின்றது. பலகை போட்டாகிவிட்டது. சகலை, மேஸ்திரி மூட்டை எண்ணிக் கோடு போடும் சாக்பீஸைக் காதில் செருகிக்கொண்டு, "பாத்துப்பா, பாத்து, பலகை ஆடுது" என்று ஆட்களை விரட்டிக்கொண்டிருந்தான். மூத்தவனைக் கண்டதும் காதிலிருந்த சாக்பீஸை எடுத்துக் கைக்குள் மறைத்தான்.

மேனேஜர் முந்திக்கொண்டார். "ஏம்பா, முதுகு போயிடுச்சாமே? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே."

மூத்தவன் சகலையைப் பார்த்தான்.

"லேட்டானா உங்க மேல கோவப்படுவாருன்னுதாண்ணே," என்று சகலை மென்று விழுங்கினான். "முதுகு சரியில்ல, குனிஞ்சு நிமிந்து வண்டிய சரி பண்ண நேரமாகும்னேன். உங்களுக்காகத்தான் சொன்னேன்."

"எனக்காக."

"சத்தியமாண்ணே."

மேனேஜருக்கு இந்த விசாரணையில் அக்கறை இல்லை. "மேஸ்திரி போட்டாச்சு. அதை மாத்த முடியாது. முதுகு நல்லாயிருந்தா மூட்டை தூக்கு, இங்கயே இரு. இல்லைன்னா வீட்டுக்குப் போ. உள்ளார சுருண்டு விழுந்தா யாரு பதில் சொல்றது?"

ஆட்கள் வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். வீட்டுக்குப் போனால் நாளைக்குள் எல்லா குடோனுக்கும் சேதி போய்விடும். மூத்தவன் துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு லாரியின் வாலுக்குப் போய் முதுகைக் காட்டி நின்றான்.

மூட்டை ஏற்றிவிடுகிறவனை விலக்கிவிட்டு சகலை தானே லாரியில் ஏறினான். "சின்னதாப் பாத்து வெக்கறேண்ணே," என்று காதருகே முணுமுணுத்தான்.

"எல்லாருக்கும் வெக்கிறதையே வை."

மூட்டை இறங்கியது. இடுப்பிலிருந்து குதிகால் வரை ஒரு கம்பியைக் காய்ச்சி இழுத்த மாதிரி இருந்தது. பலகை ஆடியது, அவன் ஆடவில்லை. உள்ளே போய் மூட்டை அடுக்கிய அட்டியில் சாய்த்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொள்ளாமல் திரும்பி வந்தான். மேனேஜர் தலையாட்டிவிட்டு ஆபீஸ் அறைக்குள் போனார். ஆட்களும் கலைந்தார்கள்.

மறுபடியும் லாரியின் வாலில் முதுகைக் காட்டினான். மூட்டை வரவில்லை.

"அண்ணே, போதுண்ணே. அக்காவுக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்?"

"மேஸ்திரி," என்றான் மூத்தவன், திரும்பாமல். "லோடு நிக்குது. தூக்கி வை."

சகலை அடுத்த மூட்டையின் காதைப் பிடித்தான்.