முளைக்குச்சி அவுலியா

அந்தக் குச்சியை அடித்தவன் நான்தான். கல்லும் காற்றும் தவிர வேறெதுவும் இல்லாத கணவாயின் உச்சியில், எரிவாயுக் குழாய் போகவேண்டிய பாதைக்கு அடையாளமாக அடித்தேன். பனியிலும் கண்ணில் படட்டும் என்று நுனியில் சிவப்புத் துணி கட்டினேன். அங்கேதான் புத்தி மழுங்கிவிட்டது. எங்கள் அலாய் மலைப் பக்கத்தில் கம்பில் துணியைக் கண்டால் போதும், போகிறவன் நின்று தன் சட்டையைக் கிழித்தாவது ஒரு முடிச்சுப் போட்டு வேண்டிக்கொள்வான்.

நான் கம்பெனி ஜீப் ஓட்டுகிறேன். குழாய் சீனாவுக்குப் போகிறது. எங்கள் காரா-ஜார் வழியாகப் போனால் ஊருக்கும் ஒரு கிளை தருவதாகத் தலைமைப் பொறியாளர் ஃபாரித் ஒத்துக்கொண்டிருந்தார். என் மனைவி ஜூமாகுல் வரட்டிப் புகையில் அடுப்பூதியே நெஞ்சைப் புண்ணாக்கிக்கொண்டவள். புகையை நிறுத்தாவிட்டால் எந்த மருந்தும் கேட்காது என்று ஓஷ் நகரத்து டாக்டர் சொல்லிவிட்டார். மரமே முளைக்காத ஊரில் வரட்டியை விட்டால் எரிவாயுதான் கதி.

பனி உருகியதும் வெல்டர்களோடு மேலே போனோம். குச்சியைக் காணோம், துணி மூட்டைதான் நின்றுகொண்டிருந்தது. பச்சை, வெள்ளை, யார் வீட்டு ஜன்னல் திரையோ, ஒரு குழந்தையின் காலுறை. அடியில் கிடாக்கொம்பு, சுற்றிலும் கல் அடுக்கு. இங்கே வேண்டிக்கொண்ட பிறகுதான் ஆட்டுக்காரன் சத்தாரின் மனைவிக்கு இரட்டைப் பிள்ளை பிறந்ததாம்.

புனித இடத்தைத் தொடக்கூடாது என்பது கம்பெனிச் சட்டம். முன்பு எங்கோ ஒரு கல்லறையைத் தோண்டி உதை வாங்கிய பிறகு வந்த பக்தி அது. இது வெறும் குச்சி, அடித்ததே நான் என்று கூடியிருந்த ஊர்க்காரர்களிடம் தொண்டை கிழியச் சொன்னேன்.

சத்தார் அசரவில்லை. "அடிச்சது நீதாண்ணே, யாரு இல்லேன்னா? இம்மாம் பெரிய மலையில இங்கதான் அடிக்கணும்னு உனக்கு யாரு சொன்னா?"

"கம்பெனி வரைபடத்துல இருந்துச்சுடா."

"அந்தப் படத்துல புள்ளி வைக்கச் சொன்னது யாரு?"

இதற்கு மேல் கேட்டால் வழக்கு உலகத்தைப் படைத்தவரிடம் போய் நிற்கும். மொல்லாவை அழைத்து வந்தோம். இங்கே எந்த அவுலியாவும், எந்தப் புனிதரும் அடக்கமாகவில்லை, குச்சியைக் கும்பிடுவது பாவம் என்று அவர் கறாராகத் தீர்ப்புச் சொன்னார். இறங்கிப் போகும்போது, எதற்கும் இருக்கட்டும் என்று, குச்சியைப் பார்த்து, வேண்டி முடித்தவர்போல இரு கைகளாலும் முகத்தைத் தடவிக்கொண்டார்.

கம்பெனிச் சம்பளம் வாங்காத உள்ளூர் ஆள் யாராவது தன் கையால் அதைப் பிடுங்கிப் போட்டால் மேற்கொண்டு தான் பார்த்துக்கொள்வதாக ஃபாரித் சொன்னார். பாவம், நல்ல மனிதர். நான் பறந்து போய் ஜூமாகுலை ஜீப்பில் ஏற்றி வந்தேன். அவளுக்கில்லாத அக்கறை வேறு யாருக்கு இருக்கும்?

இறங்கியவள் ஜீப் கதவைப் பிடித்துக்கொண்டு இருமி முடித்தாள். கிட்டே போய்க் குச்சியில் கை வைத்தாள். அந்தக் கை மெல்ல நகர்ந்து நீலப்பூப் போட்ட ஒரு துணியில் நின்றது. எங்கள் வீட்டு மெத்தை உறைத் துணி.

"நீயுமா?" என்றேன்.

"குளிர்காலத்துல வந்து கட்டினேங்க."

"என்னத்தக் கேட்டுத் தொலைச்சே?"

"கேஸ் வரணும்னுதான் கேட்டேன். இதப் போய்ப் புடுங்கிட்டா, அப்புறம் அது எப்படிங்க வரும்?"

எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தக் குச்சியாலேயே என் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. அழுகையும் வந்தது. பின்னால் ஊரே தலையாட்டியது. ஃபாரித் தொப்பியைக் கழற்றி, திரும்ப மாட்டிக்கொண்டு, அளவைக்காரர்களைக் கூப்பிட்டார்.

குழாய் மலைமுகட்டுக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. அங்கே ஊர் கிடையாது, மர்மோட் எலிகள்தான் வளை தோண்டி வாழ்கின்றன. சீனாவுக்கு அடுத்தபடியாக அவற்றுக்குத்தான் யோகம். புதுப் பாதைக்கும் நான்தான் குச்சி அடித்தேன், துணி கட்டாமல்.

முதல் பனி விழுந்த அன்று ஜூமாகுல் மறுபடியும் கணவாய்க்கு ஏறிப் போய்வந்தாள். குழாயைத் திருப்பிக் கொண்டுவரச் சொல்லி மனுப் போட்டாயா என்று கேட்டேன். அவள் வரட்டியை உடைத்து அடுப்பில் வைத்து ஊதினாள். இருமல் அடங்க நேரமாயிற்று.

"இல்லீங்க. இந்தத் தடவை நெஞ்சு வலி போகணும்னு நேராவே கேட்டுட்டேன். அதுக்குக் குழாய் எதுவும் போட வேண்டாமில்ல?"