பிரிச்சு விட்டுடலாம்

என்னைக் கேட்காமல் வாங்கி வந்த கோழிகள் என்பதால் முதல் நாள் அவற்றுக்கு நான் தண்ணீர்கூட வைக்கவில்லை. வாங்கி வந்தவளே வைக்கட்டும் என்று தையல் மிஷினில் உட்கார்ந்துவிட்டேன்.

வாங்கி வந்தவள் என் கொழுந்தனின் மனைவி. ஆஸ்பத்திரியில் நர்ஸ். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அதற்குள் உப்பு டப்பா அடுப்புக்கு இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்குக் குடிபோய்விட்டது. நான் கழுவிக் கவிழ்த்த டம்ளரை அவள் இன்னொரு தடவை கழுவுவாள். கேட்டால் "பழக்கம்க்கா" என்பாள். என் கோழிகளுக்கு வயதாகி முட்டை குறைந்துவிட்டது என்று ஒருநாள் சாப்பிடும்போது புலம்பினேன். புலம்பினேன், அவ்வளவுதான். அடுத்த வாரமே இரண்டு அட்டைப்பெட்டியில் நான்கு வெடைக்கோழிகளோடு வந்து நிற்கிறாள். முட்டைக்கு வராத, கொண்டைகூடச் சரியாகச் சிவக்காத பெட்டைகள்.

"உங்களுக்குத்தான்க்கா."

"நான் கேட்டேனா?"

அவள் முகம் சுருங்கிவிட்டது. பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு அவளே கொல்லைப்பக்கம் போனாள்.

ஆனால் கோழி என்ன பாவம் செய்தது? மறுநாள் நானே இறங்கினேன். புதிதாக வந்ததை நேராகப் பழைய கோழிகளுக்குள் விடக்கூடாது. சீக்கு ஏதாவது கொண்டு வந்திருக்கிறதா என்று கொஞ்ச நாள் தள்ளி வைத்துப் பார்க்க வேண்டும். அதனால் துணி துவைக்கும் இடத்தில் அடைத்து வைத்தேன். தும்மல் இல்லை, கழிச்சல் இல்லை என்று தெரிந்த பிறகு கோழிக் கொட்டகைக்குக் குறுக்கே ஒரு பழைய வலையைக் கட்டி, அந்தப் பக்கம் பழசு, இந்தப் பக்கம் புதுசு என்று விட்டேன். பார்க்கலாம், கொத்த முடியாது. தீவனத் தட்டும் இரண்டு. பழையவை தின்னும் கிளிஞ்சல் தூள் கலந்த தீவனம் முட்டைக்கு வராத வெடைகளுக்கு ஆகாது. வலையை நான் கட்டினால் சும்மா கட்டுவேனா? கம்பத்துக்குக் கம்பம் முடிச்சு மேல் முடிச்சு.

பழையவற்றில் கறுப்பாக ஒன்று உண்டு. அது தின்று நகர்ந்த பிறகுதான் மற்றவை தட்டுக்கு வரும். கொழுந்தன் மனைவி அதற்கு வார்டன் என்று பேர் வைத்தாள். வைக்கும்போது அவள் கோழியைப் பார்த்தாளா, என்னைப் பார்த்தாளா என்கிற சந்தேகம் எனக்கு இன்னும் தீரவில்லை.

இவ்வளவு சொன்னவள் இதையும் சொல்லிவிடுகிறேன். டியூட்டி முடிந்து வந்ததும் அவள் உடை மாற்றிக்கொண்டு நேராகக் கொட்டகைக்கு வருவாள். வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, அன்றைக்கு வார்டில் யார் யாரோடு சண்டை போட்டார்கள், எந்த டாக்டர் எதை மறந்தார் என்று கதை சொல்லுவாள். நான் கூட்டிப் பெருக்கிக்கொண்டே கேட்பேன். பகல் முழுக்க மிஷின் சத்தத்தை மட்டும் கேட்கிறவளுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று அவளிடம் நான் ஒருநாளும் சொன்னதில்லை.

அவள் உட்காரும் அந்த வாளி ஒரு நாள் காலியாகிவிட்டது. ஸ்கூலுக்குத் தைத்துத் தேய்த்து அடுக்கி வைத்த யூனிஃபார்ம் மேல், கொடியில் அவள் காயப்போட்ட ஈரத்துணி சொட்டிவிட்டது. நான் கத்தினேன். கத்த வேண்டியதைவிட அதிகமாகவே கத்தினேன். "உன் வீட்ல இப்படித்தான் பண்ணுவியா?" என்று கேட்டேன். "இதுவும் என் வீடுன்னு நெனச்சேன்க்கா," என்றாள். அதன்பிறகு இருவருக்கும் பேச்சு நின்றுபோயிற்று. ஒரே சமையலறையில் ஒருவர் வரும்போது இன்னொருவர் வெளியே போனோம்.

யூனிஃபார்மைத் திரும்ப அலசித் தேய்த்து ஸ்கூலில் கொடுக்கக் கிளம்பிய காலையில் கொட்டகையை எட்டிப் பார்த்தேன். வலைக்கு அந்தப் பக்கம் வார்டன் மண்ணைக் குடைந்து படுத்திருந்தது. இந்தப் பக்கம் ஒரு வெடை. நடுவில் வலை மட்டும் இல்லையென்றால் முதுகும் முதுகும் உரசியிருக்கும். சரி, நேரம் வந்துவிட்டது என்று நினைத்தேன். ஆனால் வலையை எடுக்கும் நாளில் அவள் பக்கத்தில் இருந்தால் நல்லது. காயம் பட்டால் மருந்து போடத் தெரிந்த கை அவளுடையதுதான். அதை நேராக அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பஸ்ஸில் போகும்போது வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். அவர் லிஃப்ட் மெக்கானிக். எந்த லிஃப்டுக்குள் தொங்கிக்கொண்டிருந்தாரோ, ஒரே இரைச்சல்.

"அவகிட்ட சொல்லிடுங்க, இன்னிக்குப் பிரிச்சு விட்டுடலாம்னு. ஒரே எடத்துல வச்சுக்கிட்டு மூஞ்சிய மூஞ்சியப் பாத்துக்கிட்டு எத்தனை நாளைக்குத்தான் இருக்கறது?"

"முடிவாத்தான் சொல்றியா?"

"ஆமா. அவளையும் சீக்கிரம் வரச் சொல்லுங்க."

"ம்," என்றார். மனுஷன் இரண்டாவது கேள்வி கேட்டால் வாயில் முத்து உதிர்ந்துவிடும்.

மத்தியானம் வீடு திரும்பினேன். அவளைக் காணோம். பொழுது சாய ஆரம்பித்தும் காணோம். கோபம் வந்து, யார் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன என்று நானே கட்டிய முடிச்சை நானே நகம் பெயர அவிழ்த்து வலையைச் சுருட்டினேன். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு வார்டன் ஒரு வெடையை மூலைக்கு விரட்டிக் கொண்டையைப் பிடித்துக்கொண்டது. ரத்தம். ரத்தத்தைப் பார்த்ததும் மற்றவையும் திரும்பின. நான் அடிபட்டதைத் தூக்கக் குனிந்தேன்.

"அத விடுங்கக்கா, வார்டனத் தூக்குங்க."

அவள்தான். பின்னாலேயே கொழுந்தன். கையில் ஒரு சாவி.

அவளே பாய்ந்து வந்து வார்டனை இறக்கையோடு சேர்த்து அமுக்கித் தூக்கினாள். "கொத்துப்பட்டதத் தனியா வச்சா, திரும்ப விடும்போது மறுபடியும் புதுசாத்தான் தெரியும். கொத்துறதத்தான் தனியா வைக்கணும். கொஞ்ச நாள் கழிச்சு வரும்போது திமிர் இறங்கியிருக்கும்." படித்துவிட்டு வந்திருக்கிறாள். வார்டனைக் கூடையில் போட்டு மூடினாள். வெடையின் கொண்டையைத் துடைத்து நீல மருந்து வைத்தாள். கண் சிவந்திருந்தது.

"ஏன் இவ்ளோ நேரம்?" என்று கேட்டேன்.

கொழுந்தன்தான் பதில் சொன்னான். "வீடு பாக்கப் போயிருந்தோம் அண்ணி. ஆஸ்பத்திரி பக்கத்துல மாடி வீடு. இவளோட வேலை பாக்கறவங்க காலி பண்ண வீடு. சாவி குடுத்திருக்காங்க."

"யாருக்கு வீடு?"

"நீங்கதான அண்ணன்கிட்ட பிரிச்சு விட்டுடலாம்னு சொன்னீங்க?"

சுருட்டிக் கிடந்த வலையைக் காலால் அவன் பக்கம் தள்ளினேன்.

"இதச் சொன்னேன்டா."

அவன் வலையைப் பார்த்தான், கோழிகளைப் பார்த்தான், சுவரில் சாய்ந்து சிரிக்க ஆரம்பித்தான். "அண்ணன் போன்ல அழுகாத குறை அண்ணி," என்றான். அவள் சிரிக்கவில்லை. மருந்துப் புட்டியின் மூடியைத் திருகிக்கொண்டே கேட்டாள்.

"வலைய மட்டும்தானாக்கா?"

கேட்கக்கூடாததை ஒன்றும் அவள் கேட்கவில்லை. முந்தின நாள் யாராவது கேட்டிருந்தால் வலை, வீடு இரண்டையும்தான் என்று சொல்லியிருப்பேன். இப்போது அந்தச் சாவியைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஆத்திரமாக வந்தது. அவள் மேல் அல்ல. காலி வாளி என் கண்ணெதிரே இருந்தது.

"போகாத," என்றேன். "நீ வர்ற நேரத்தப் பாத்துத்தான் நான் கொட்டகையே கூட்டுறேன். காலைலயே கூட்டிரலாம். கூட்டுறதில்ல."

அவள் மருந்துப் புட்டியைக் கீழே வைத்தாள். பிறகு புருஷன் கையிலிருந்த சாவியை வாங்கி அவன் சட்டைப் பையில் போட்டு, "போய்க் குடுத்துட்டு வாங்க," என்றாள். என் பக்கம் திரும்பினாள். "உப்பு டப்பா நான் வச்ச எடத்துலதான் இருக்கும்க்கா."

"அதெல்லாம் அப்புறம் பாக்கலாம்."

பார்த்தாயிற்று. டப்பா வலப்பக்கம்தான் இருக்கிறது. கை இன்னும் இடப்பக்கம் போய்த் துழாவிவிட்டுத்தான் வருகிறது.

சில நாள் கழித்து வார்டனைத் திரும்ப உள்ளே விட்டோம். அதன் இடத்தில் வேறு ஒரு பழசு உட்கார்ந்துவிட்டது. வெடைகள்கூடத் தட்டில் தின்றுகொண்டிருந்தன. வார்டன் ஓரமாக நின்று கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்தது. எனக்குப் பொறுக்கவில்லை. கடைசித் துணியை முடித்துவிட்டு, ஒரு கை தானியம் எடுத்துக்கொண்டு யாரும் பார்க்காமல் போடலாம் என்று கொட்டகைக்குப் போனேன். கவிழ்த்த வாளி மேல் அவள் உட்கார்ந்திருந்தாள். உள்ளங்கையை நீட்டியிருந்தாள். வார்டன் அதில் கொத்தித் தின்றுகொண்டிருந்தது.

"பாவம்க்கா," என்றாள். "எத்தன நாள் தனியா எல்லாத்தையும் கட்டி மேய்ச்சிருக்கு."