பாட்டில் கட்டிய கார்

பஸ் டிப்போ மெக்கானிக்குக்குக் கை சும்மா இருக்காது. தண்ணீரிலிருந்து ஹைட்ரஜனைப் பிரித்து, அப்போதைக்கப்போது எஞ்சினுக்கு ஊட்டினால் பெட்ரோல் மிச்சம் என்று எங்கோ படித்துவிட்டான். ஒரு பாட்டில் தண்ணீர், உள்ளே எட்டு எவர்சில்வர் தகடு, பேட்டரியிலிருந்து ஒரு ஒயர், எஞ்சின் காற்று இழுக்கிற குழாய்க்கு ஒரு டியூப். கருவி அவ்வளவுதான். சோதனைக்கு வசமாக மாட்டினவர் மனைவியின் அண்ணன். வாடகைக் கார் ஓட்டுகிறவர்.

லிட்டருக்குப் பதினாலு கொடுத்த கார் மூன்று மாதமாகப் பதினெட்டு கொடுத்தது. மெக்கானிக்கின் கால் தரையில் பாவவில்லை. திங்கட்கிழமை டிப்போ வேலைக்கு ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு இதையே தொழிலாக்குவது என்று முடிவு கட்டிவிட்டான். ஒரே ஒரு காரை நம்பிக் குதிக்க வேண்டாம் என்று மனைவி தலைபாடாக அடித்துக்கொண்டாள். கேட்கிற ஆளா அவன்?

சனிக்கிழமை மச்சானோடு காரில் ஏறினான். இத்தனை நாளும் வீட்டு வாசலில் கருவியைப் பார்த்தானே தவிர, கார் ஓடி அவன் பார்த்ததில்லை. ஓடியது என்பதே மரியாதைக்குச் சொல்வது. சைக்கிள்காரர் ஒருவர் மணியடித்து முந்திப்போனார். எவனையும் முந்தவிடாத மச்சான், தூங்குகிற குழந்தையைத் தூக்கிப் போகிறவர் மாதிரி வண்டியை நகர்த்திக்கொண்டிருந்தார்.

மிச்சம் பிடிப்பது பாட்டிலா, இந்த ஓட்டமா என்று மெக்கானிக்குக்குச் சந்தேகம் வந்தது. இறங்கும்போது மச்சானுக்குத் தெரியாமல் பேட்டரி ஒயரைப் பிடுங்கிவிட்டான். இனி பாட்டிலில் இருப்பது வெறும் தண்ணீர். ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் கார் வாடகைக்கு ஓடியது. சாயங்காலம் இருவரும் அளந்து பார்த்தார்கள். பத்தொன்பது. பாட்டில் எதையும் கொடுக்கவில்லை. அதற்கு மின்சாரம் தர எஞ்சின்தான் இத்தனை நாளும் கூடுதலாகக் குடித்திருக்கிறது.

"ஏன் மச்சான் இவ்வளவு மெதுவா ஓட்டுறீங்க?"

"முன்னால ஹைட்ரஜன் இருக்கே மாப்ள. வேகமாப் போனா வெடிச்சிடுமோன்னு பயம்."

"மூணு மாசமாவா? சொல்லியிருக்கலாம்ல?"

"நீ ஆசையாச் செஞ்சது. வீட்டு ஆளே ஓட்ட மாட்டேன்னா வெளியாளு எவன் ஓட்டுவான்?"

மெக்கானிக்குக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அதைவிட, எதிரே நிற்கிற மனிதர்மேல் பாசம் பொங்கியது. நேற்றே ஒயரைப் பிடுங்கியதையும், மிச்சம் பிடித்ததெல்லாம் அவருடைய பயந்த கால்தான் என்பதையும் ஒன்றுவிடாமல் சொன்னான்.

மச்சான் பானட்டைத் தூக்கி, கழன்று கிடந்த ஒயரைப் பார்த்தார்.

"அப்ப இன்னைக்குப் பூரா சும்மாவா பயந்தேன்?"

"ஆமா மச்சான்" என்றான். "நாளைக்கு நான் டிப்போவுக்கு வேலைக்குப் போறேன். வழியில இறக்கி விடுங்க. வேகமாவே ஓட்டுங்க."