பாராமல் கொடுத்த உத்தரவு

இஞ்ஞாசிமுத்துவின் வீட்டு வாசலில் விடிந்ததிலிருந்து இரும்பு சுவரைக் கீறும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. வண்டிக்காரர் சுருளியாண்டி நுகத்தடியைப் பிடித்துத் தள்ளினார். பின்னால் இரண்டு பேர் சக்கரத்தை இழுத்தார்கள். புது வண்டி கொட்டகைக்குள் பாதி நுழைந்து, அச்சு இடித்து, அதற்கு மேல் அசையாமல் நின்றது.

"நுழையாதுங்கய்யா. வாசல் ஏழடி. சக்கரக் குடத்தோட சேத்தா வண்டி அதுக்கு மேல வருது" என்றார் சுருளியாண்டி.

பெரியாற்றில் அணை வேலை நடந்துகொண்டிருந்த ஆண்டுகள் அவை. அம்மையநாயக்கனூர் ரயிலடியில் இறங்கிய சாமான்கள் தேனி வழியாகக் கூடலூர் வரை மாட்டு வண்டியில்தான் போயாக வேண்டும். கம்பம் பள்ளத்தாக்கில் நாலு மாடு வைத்திருந்தவர்களெல்லாம் வண்டி கட்டினார்கள். உத்தமபாளையத்துக்கு அருகே, பெரிய ரஸ்தாவை ஒட்டிய சிற்றூரில் இருந்த இஞ்ஞாசிமுத்துவிடம் ஆறு வண்டிகள் இருந்தன. பெரிய வண்டிகளாக வாங்கினால் நிரந்தரமாகச் சுமை தருவதாக ஒரு காண்டிராக்டர் சொல்லியிருந்தார். ஒரே நிபந்தனை, வழியில் தங்கும்போது சரக்கு வண்டி மழையில் நிற்கக் கூடாது. கொட்டகைக்குள்தான் நிற்க வேண்டும்.

வண்டி வந்துவிட்டது. வாசல்தான் பழைய வாசல்.

கொத்தனார் ராக்கையாவைக் கூப்பிட்டு அனுப்பினார். ராக்கையா வந்ததும் வாசலைப் பார்க்கவில்லை. நேரே உள்ளே போய், அண்ணாந்து மேலே மச்சைத் தாங்கிய மரங்களைப் பார்த்தார்.

"பதினோரடியா ஒடச்சு வளைவு கட்டிரு. வண்டி திருப்பத் தோதா இருக்கும்" என்றார் இஞ்ஞாசிமுத்து.

"அய்யா, இது வெறும் அடைப்புச் சுவரு இல்ல. மச்சுப் பாரம் பூராவும் இதுமேலதான் உக்காந்திருக்கு. அங்கன பாருங்க, ஆறு உத்திரமும் இதுலதான் தலை வச்சிருக்கு."

"அதுக்குத்தான வளைவு கட்டச் சொல்றேன்."

"வளைவு பாரத்தை வாங்கும், வாங்கி ரெண்டு பக்கமும் தள்ளும். வலப்பக்கம் வீட்டுச் சுவரு தாங்கிரும். இடப்பக்கம் மூலை. அங்கன இப்ப அஞ்சரை அடிச் சுவரு இருக்கு. நீங்க சொல்ற மாதிரி ஒடச்சா ஒன்றரை அடிதான் மிஞ்சும். அது தள்ளு தாங்காது."

"அப்ப எம்புட்டுத்தான் ஒடைக்கலாம்?"

"ஒம்பதடி. வண்டி நின்னு நிதானமா நுழைஞ்சிரும். அதுக்கும் உள்ள முட்டுக் குடுத்துட்டுத்தான் சுவர்ல கை வைக்கணும். தெருவப் பாத்த சுவருங்கிறதால யூனியன் ஆபீசுல உத்தரவும் வாங்கணும்யா. ஓவர்சீர் வந்து அளந்து பாத்துத்தான் எழுதிக் குடுப்பாக."

ஓவர்சீர் வந்து பார்த்தால் ஒன்பதடிதான் எழுதுவார் என்பது இஞ்ஞாசிமுத்துவுக்கு அப்போதே விளங்கிவிட்டது. வருவதற்கே ஒரு மாதம் ஆகும் என்பதும் தெரியும். இஞ்ஞாசிமுத்து கெட்ட மனிதர் அல்ல. ஞாயிறு பூசைக்குத் தவறாதவர், கூலியைக் குறைக்காதவர். ஆனால் ஊரில் எல்லோரும் போகிற குறுக்குவழியில் தானும் போவது தவறென்று அவருக்குத் தோன்றியதில்லை. மலையிலிருந்து வந்த பச்சை ஏலக்காயில் ஒரு மூட்டையைத் தலைப்பாகைத் துணியால் மூடி எடுத்துக்கொண்டு ஓவர்சீர் வீட்டுக்குப் போனார்.

ஓவர்சீர் மூட்டையைத் திறக்கவில்லை. வாசனையே போதுமானதாக இருந்தது.

"இதுக்குப் போயி நான் அம்புட்டுத் தூரம் வரணுமா? நீரு சொன்னா அளந்த மாதிரிதான்" என்று சொல்லி, பதினோரடி என்று எழுதி, முத்திரை குத்திக் கொடுத்தார்.

வீட்டில் பிலோமினா காகிதத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அவுக இங்கன வரவே இல்லையே. பாக்காமயா குடுத்தாக?" என்று கணவரைக் கேட்டாள்.

"பாக்காமக் குடுக்குறாகன்னா நம்ம மேல அம்புட்டு மதிப்புன்னு அர்த்தம்" என்றார் அவர்.

ராக்கையாவுக்கு எழுத்துத் தெரியாது. முத்திரை தெரியும். காகிதத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். படித்தவர்கள் பார்த்து எழுதியிருப்பார்கள், நமக்குத் தெரியாத கணக்கு ஏதாவது இருக்கும் என்று மனத்தைத் தேற்றிக்கொண்டார். ஆனாலும் ஒன்றை மட்டும் அழுத்திச் சொன்னார்.

"கட்டுறேங்கய்யா. ஆனா அடியில குடுக்குற முட்டுக் கட்டைய நாப்பது நாளைக்கு யாரும் தொடக் கூடாது. அதுக்குள்ள மூலைக்கு வெளிய ஒரு அணைப்புச் சுவரு கட்டிருவோம். கட்டைய நான் வந்துதான் எடுக்கணும்."

"சரி, சரி" என்றார் இஞ்ஞாசிமுத்து.

வேலை தொடங்கியது. சுருளியாண்டியின் மனைவி மூக்கம்மாள்தான் சித்தாள். நன்றாக ஊறிய சுண்ணாம்பை மணலோடு அரைத்து, கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய தண்ணீர் விட்டு அவள் குழைத்துக் கொடுத்த சாந்தை ராக்கையா விரலில் தொட்டுப் பார்த்து, ஒருமுறைகூடத் திருப்பி அனுப்பவில்லை. எட்டு நாளில் வளைவு எழுந்தது. தெருவில் போனவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். இஞ்ஞாசிமுத்துவுக்குப் பெருமையாக இருந்தது.

வளைவு முடிந்து பதினெட்டாம் நாள் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. அன்று பார்த்து காண்டிராக்டரின் அரிசி மூட்டைகள் சொன்ன நாளுக்கு முன்பே வந்து சேர்ந்தன. ராக்கையா உறவினர் கருமாதிக்காக ஜெயமங்கலம் போயிருந்தார். அணைப்புச் சுவர் இன்னும் தொடங்கவே இல்லை. வளைவுக்கு அடியில் முட்டுக் கட்டைகள் காடு மாதிரி நின்றன. வண்டிகள் தெருவில் நனைந்தன.

"கட்டையத் தட்டி எடுப்பா" என்றார் இஞ்ஞாசிமுத்து.

சுருளியாண்டி தயங்கினார். "கொத்தனார் வந்துரட்டுமேய்யா. நாப்பது நாளுன்னு சொன்னாருல்ல."

"அவன் அப்பிடித்தான் சொல்லுவான். கல்லு மாதிரி நிக்குது, பாரு. பதினோரடிக்கு உத்தரவே இருக்கு. சரக்கு நனைஞ்சா யாரு பதில் சொல்றது?"

சுருளியாண்டி மறுபடியும் வளைவைப் பார்த்தார். பிறகு சுத்தியலை எடுத்தார்.

முதல் வண்டி எங்கும் உரசாமல் உள்ளே போனது. இரண்டாவதும் போனது. மூன்றாவது வண்டி வாசலில் இருக்கும்போது மூலைச் சுவரில் ஈரக் கோடு மாதிரி ஒன்று தெரிந்தது. அது ஈரம் அல்ல, விரிசல் என்று சுருளியாண்டி கண்டுகொண்ட கணத்தில் அவர் மாடுகளை அவிழ்த்து வெளியே விரட்டினார். மூலை தெருப்பக்கமாக ஒரு சாண் நகர்ந்தது. வளைவின் நடுக்கல் நழுவியது. மாடுகள் தப்பின. மாடுகளுக்குப் பின்னால் ஓடியவரின் வலது காலில் சுவர் விழுந்தது.

செங்கல்லை அள்ளி அவரை வெளியே எடுப்பதற்குள் அரை நாழிகை ஆகிவிட்டது. எலும்பு வைத்தியர் மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார். "உசுருக்குப் பயமில்ல. கால் பழையபடி வராது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் காலையில் ஓவர்சீர் வந்தார். மட்டக்குதிரையில் வந்து இறங்கி, சேவகன் பிடித்த அளவு நாடாவால் மூலையை அளந்தார். ஒன்றரை அடி. அதைப் பார்த்ததும் முகம் வெளுத்தது. இஞ்ஞாசிமுத்துவைத் தனியே அழைத்துப் போனார்.

"தாசில்தார் நாளன்னைக்கு இங்கன முகாம் வர்றாக. விசாரிப்பாக. கொத்தன் சாந்தைச் சரியாக் குழைக்காமக் கட்டிட்டான்னு நான் எழுதிக்கிறேன். ஆமான்னு ஒரு வார்த்தை நீரு சொன்னாப் போதும். உமக்கும் கெடுதல் இல்ல, எனக்கும் இல்ல."

"ராக்கையாவுக்கு?"

"அபராதம் போடுவாக. இல்லைன்னா கொஞ்ச நாள் உள்ள இருப்பான். கூலிக்காரன்தான, வெளிய வந்து வேற வேலை பாப்பான்."

இஞ்ஞாசிமுத்து ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. அந்த மௌனத்தையே ஓவர்சீர் சம்மதமாக எடுத்துக்கொண்டார். பேச்சு அன்றைக்கே ஊருக்குள் பரவிவிட்டது. ஜெயமங்கலத்திலிருந்து திரும்பிய ராக்கையா வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டார்.

சாயங்காலம் இஞ்ஞாசிமுத்து கொஞ்சம் அரிசியும் பாலும் எடுத்துக்கொண்டு சுருளியாண்டியைப் பார்க்கப் போனார். சுருளியாண்டி கண் மூடிக் கிடந்தார். மூக்கம்மாள் எழுந்து நின்றாள். கொண்டுவந்ததை வாங்கி ஓரமாக வைத்தாள். அழுது வீங்கிய முகம். ஆனால் குரல் அமைதியாக இருந்தது.

"ஒண்ணு கேக்கணும்யா. சாந்து சரியில்லைன்னு எழுதுறாகளாமே, நெசந்தானா?"

அவர் கண் மூடிக் கிடந்தவரைப் பார்த்தார்.

"அந்தச் சாந்தைக் குழைச்சது நானு. ராக்கையா அண்ணன் கட்டுனாரு, குழைச்சது நாந்தான். குறை வைக்காம அரைச்சேன். ஒரு சட்டி மண்ணுகூட அதிகம் கலக்கல. அது சரியில்லைன்னு நீங்க சொன்னா, எம் புருசன் காலை ஒடிச்சது நான்னு ஆகும். நாளைக்கு இவரு முழிச்சு, ஏன்டி இப்பிடிப் பண்ணுனன்னு கேட்டா நான் என்ன சொல்லட்டும்?"

இஞ்ஞாசிமுத்துவால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பொய் ராக்கையாவோடு நின்றுவிடும் என்று நினைத்திருந்தார். அது இந்தக் குடிசைக்குள் வந்து, காலொடிந்து கிடப்பவருக்கும் அவர் மனைவிக்கும் நடுவே உட்காரும் என்று அவர் நினைத்துப் பார்க்கவில்லை.

"உன் சாந்துல குத்தமில்லம்மா" என்றார்.

தாசில்தார் முகாமில் ஓவர்சீர் தம் காகிதத்தை வாசித்து முடித்ததும் இஞ்ஞாசிமுத்து எழுந்தார். ஒன்பதடிக்கு மேல் கூடாதென்று ராக்கையா சொன்னது, ஓவர்சீர் வந்து பார்க்காமலே எழுதிக் கொடுத்தது, அதற்குத் தாம் ஏலக்காய் கொடுத்தது, கொத்தனார் இல்லாத நாளில் முட்டுக் கட்டையை எடுக்கச் சொன்னது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார்.

"இதச் சொன்னா உமக்கும் தண்டனை வருமே, தெரியுமா?" என்று தாசில்தார் கேட்டார்.

"தெரியுங்கய்யா. அது எனக்கு வர வேண்டியதுதான்."

ராக்கையா மேல் குற்றமில்லை என்று அன்றே அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஓவர்சீர் வேலையிலிருந்து விலக்கப்பட்டார். இஞ்ஞாசிமுத்துவுக்கு அபராதம் விழுந்தது. காண்டிராக்டரும் சுமையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார். இரண்டு வண்டிகளை விற்றுத்தான் அவர் நிமிர முடிந்தது. சுருளியாண்டியின் குடும்பத்துக்கு உழுது பயிரிடும்படி ஒரு துண்டு நன்செயை எழுதிக் கொடுத்தார். மூக்கம்மாள் அதை வாங்கிக்கொண்டாள். நன்றி என்று எதுவும் சொல்லவில்லை. அவரும் எதிர்பார்க்கவில்லை.

பங்குனியில் புது ஓவர்சீர் வந்து, அளந்து, ஒன்பதடிக்கு உத்தரவு கொடுத்தார். ராக்கையாதான் மறுபடியும் கட்டினார். முட்டு நாற்பது நாளும் நின்றது.

அந்த நாட்களில் ஒருநாள், அடுத்த தெருவில் வண்டி வைத்திருந்த அய்யாத்துரை வந்தார். அவரும் தம் கொட்டகை வாசலைப் பெரிதாக்க வேண்டுமாம். குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

"புது ஓவர்சீரு எப்பிடி? வந்து அளக்காம எழுதிக் குடுப்பாரா? என்ன குடுக்கணும், யார் மூலமாப் போகணும், கொஞ்சம் சொல்லுங்களேன். உங்களுக்குத்தான் அந்த வழி தெரியும்."

தெருக்கோடியில் சுருளியாண்டி கம்பை ஊன்றி, ஒரு காலை இழுத்து, மெதுவாக வயலுக்குப் போய்க்கொண்டிருந்தார். அவர் திருப்பத்தில் மறையும் வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு இஞ்ஞாசிமுத்து சொன்னார்.

"உத்தரவுக்காகத்தான் லஞ்சம் குடுக்குறோம்னு நானும் நெனச்சிருந்தேன் அய்யாத்துரை. உத்தரவு சும்மாவே கெடைக்கும், ஒம்பதடிக்குக் கெடைச்சிருக்கும். நான் குடுத்தது, அவரு வந்து பாக்காம இருக்கிறதுக்கு. பாக்க வேண்டிய கண்ணை வெலைக்கு வாங்கி மூடிட்டேன். அந்தக் கண்ணு எனக்கு எதிரியா இருந்த கண்ணு இல்லப்பா. சுருளியாண்டி காலுக்குக் காவலா இருந்த கண்ணு."