மூன்றாம் முடிச்சு

கீழ்வானில் செம்மை படர, தேக்கா வட்டாரப் பூக்கடைகளில் நீர் தெளித்த மல்லிகையின் மணம் தெருவெங்கும் பரவ, ஃபேரர் பார்க் பக்கமிருந்து வரும் பேருந்துகளின் இரைச்சலை மீறிக் கோயில் மணியோசை எழ, அடுக்குமாடிகளின் கண்ணாடிகளில் கதிரவன் நூறு துண்டுகளாய் உடைந்து ஒளிர்ந்த அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலையில், சிராங்கூன் சாலையை ஒட்டிய சிறு கோயில் ஒன்றில் அருண்ராஜின் திருமணம் தொடங்கவிருந்தது.

மணமகனின் தமக்கை தாரணி மேடையோரம் தனியே நின்றாள். பெற்றோர் மறைந்தபின், ஒன்பது ஆண்டுகள் ஈசூன் வட்டாரத்து வீட்டில் தம்பியும் தானுமாய் வாழ்ந்தவள் அவள், இயற்பியல் ஆய்வாளர். ஒன்றையொன்று ஈர்க்கும் இரு கோள்களின் பாதையை எத்தனை ஆண்டுகளுக்கும் தாளில் எழுதிவிடலாம். மூன்றாவது ஒன்று வந்து சேர்ந்தாலோ, அம்மூன்றின் போக்கையும் முற்றச் சொல்லும் வாய்பாடு இல்லை. மூன்றில் ஒன்று வெளியே தூக்கி எறியப்படுவதை அவள் கணினித் திரையில் பன்முறை கண்டிருக்கிறாள். தம்பிக்கு மனைவி வந்து வீட்டிலும் மூவரானால், எறியப்படுமுன் தானே விலகுவது நன்று எனத் துணிந்து, ஈசூனுக்குத் தொலைவிலுள்ள கிளமெண்டியில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்து, அதன் சாவியைப் புடவைத் தலைப்பில் முடிந்து வைத்திருந்தாள். தம்பியிடம் சொல்லவில்லை.

மேடையில் நான்கு கால் பலகையொன்றின்மேல் வைத்த நீர்க்குடம், பழங்கல் தரையின் மேடுபள்ளத்தில் ஆடி, நீரைச் சிந்திக்கொண்டிருந்தது. கோயில் ஊழியர் வேலாயுதம் தாளை மடித்துக் காலுக்கடியில் செருகிப் பார்த்தார்; ஆட்டம் நிற்கவில்லை.

"அண்ணே, தாலி கட்டறதுக்கு முன்னாடியே குடம் இந்த ஆட்டம் ஆடுதே!" என்றான் அருண்ராஜ்.

"குடத்த விடுங்க தம்பி, உங்க முழங்காலப் பாருங்க லா. அது அதுக்கு மேல ஆடுது" என்று சொல்லிவிட்டு, அவர் உள்ளேயிருந்து முக்காலி ஒன்றைக் கொண்டுவந்து குடத்தை அதன்மேல் ஏற்றினார். குடம் அசையாது நின்றது.

தாரணி அதையே பார்த்திருந்தாள். எந்த மூன்று புள்ளிகளையும் தொட்டுச் செல்லும் ஒரு தளம் உண்டு. ஆகவே முக்காலி எந்தத் தரையிலும் ஆடுவதில்லை. மாணவர்க்கு அவளே பலமுறை சொன்ன செய்திதான். ஆனால் இரண்டு கால்களில் எதுவும் தானாக நிற்பதில்லையே. அப்படியானால் இத்தனை ஆண்டுகள் நாங்கள் இருவரும் நின்றது எவ்வாறு? ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து, ஒருவரும் அசையத் துணியாமல் நின்றோம் என்று உள்ளம் விடை சொன்னபோது அவள் கண்கள் கலங்கின.

நெற்றியில் திருநீற்றின் மூன்று கோடுகள் துலங்க, ஓதுவார் தாலியை எடுத்துக் கொடுத்தார். முதல் முடிச்சை மணமகன் போட, மற்ற இரண்டையும் அவன் உடன்பிறந்தவள் போடுவது அவர்கள் குடும்ப வழக்கம். முதலாவது இருவருக்காக, இரண்டாவது இரு வீட்டாருக்காக, மூன்றாவது இறைவன் சான்றாக என்றார் ஓதுவார். கெட்டிமேளம் முழங்கியது. அருண்ராஜ் ஒன்று போட்டான். தாரணி குனிந்து இரண்டாவதைப் போட்டாள். அவ்வளவில் அவள் விரல்கள் நின்றுவிட்டன.

மணமகள் சக்தி, குனிந்த தலை நிமிராமலே, தாரணிக்கு மட்டும் கேட்கும்படி பேசினாள்: "அண்ணி, இன்னும் ஒண்ணு இருக்கு. அவுந்துருச்சுன்னா என்னய குத்தம் சொல்லாதீங்க."

சக்தி குரலை இன்னும் தாழ்த்தினாள்.

"போன வாரம் என் சாமான வைக்க வந்தப்ப உங்க ரூம்ல பெட்டியெல்லாம் கட்டி வச்சிருந்ததப் பாத்தேன். அவர்கிட்ட சொல்லல. எங்க போறீங்க?"

"கிளமெண்டிக்கு. நீங்க ரெண்டு பேரும் நிம்மதியா..."

"உங்க தம்பிய நான் தனியா சமாளிக்கணுமா? நல்லா இருக்கே! அவருக்குக் கோவம் வந்தா என்ன செய்யணும்னுகூட எனக்குத் தெரியாது, அண்ணி. இருங்க. எனக்காகத்தான் கேக்கறேன்."

மேளம் ஓயும் தறுவாயில் இருந்தது. தாரணி மூன்றாம் முடிச்சை இறுக்கிப் போட்டாள். பின்னர், மணமக்கள் கைகோத்துத் தீயை வலம்வரத் தொடங்கியபோது, தன் புடவைத் தலைப்பை மெல்ல அவிழ்த்து, சாவியை எடுத்து, முக்காலியில் குடத்தினருகே வைத்தாள்.

அன்று முதல் அம்மூவரின் பாதை எவ்வாறு செல்லும் என்று கணித்துச் சொல்ல அவளாலும் இயலாது. ஆயினும் கதிரவனும் நிலவும் இம்மண்ணுலகும்கூட அப்படிப்பட்ட மூன்றே. எழுதி முடியாத தம் பாதையில், ஒன்றையொன்று கைவிடாமல், அவை இன்னும் சுற்றிவருகின்றன.